அப்பாவின் 1970 ரோலெக்ஸ்: பழுது பார்ப்பதா, அப்படியே வைப்பதா, விற்றுவிடுவதா?

முத்துநகர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வேலையில் சேர்ந்த 1996-லிருந்து என் இடது கையில் ஒரே வாட்ச்தான். ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் நம்பர் 1601. அப்பாவுடையது. இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது. நாலு மாதமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் முழுக் கதையையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கப்பலில் செகண்ட் இன்ஜினியர். 1970-ல் கப்பல் சிங்கப்பூரில் ஆறு நாள் நின்றபோது ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வாங்கியது. இரண்டு மாதச் சம்பளம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்கள். ஸ்டீல் வாட்ச்தான், கண்ணாடியைச் சுற்றி வரிவரியாக வெட்டிய வளையம் மட்டும் வெள்ளைத் தங்கம். டயல் தட்டையாக இருக்காது, தாம்பாளம் மாதிரி ஓரம் சரிந்து இறங்கும். எஞ்சின் ரூமுக்குள் போகும்போது கழற்றிக் கேபினில் வைத்துவிடுவாராம். ஊரில் இருந்தால் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த அன்று மாலை தன் கையிலிருந்து கழற்றி என் கையில் கட்டினார். செயினில் இரண்டு கண்ணி எடுத்தோம், அவ்வளவுதான். 36 மில்லிமீட்டர் என்பதால் என் கைக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா 2009-ல் இறந்துவிட்டார்.

இந்த வாட்சில் தேதியைத் தனியாக மாற்ற முடியாது. 30 நாள் மாதம் முடிந்தால் முள்ளை 24 மணி நேரத்துக்குச் சுற்றித்தான் 31-ஐத் தாண்ட வேண்டும். ஒன்றாம் தேதி காலையில் காபி ஆறும் வரை அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அலைவு நேரம் பாடம் வரும்போது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதில் வைத்துக் கேட்கச் சொல்வேன். ஒரு நொடிக்கு ஐந்தரை 'டிக்', மணிக்கு 19,800, ஒரு நாளைக்கு 4,75,200. கரும்பலகையில் பெருக்கிப் போட்டதும் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பொதுத்தேர்வு நாட்களில் எங்கள் பள்ளியில் பத்து மணிக்கு மணி அடித்தது பல வருடம் இந்த வாட்சைப் பார்த்துத்தான்.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பக்கத்து மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாட்ச் கையில் இருப்பதே அப்போது நினைவில் இல்லை. மறுநாள் பார்த்தால் கண்ணாடிக்குள் ஆவி. ஊரில் ஒரு கடையில் பின்மூடியைத் திறந்து, பல்புக்குக் கீழே காய வைத்து, மூடிக் கொடுத்தார்கள். ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

இப்போது நாளுக்கு ஆறு நிமிடம் பின்தங்குகிறது. தேதி நடுராத்திரியில் மாறாமல் காலை ஏழு மணிக்குப் பாதியில் சிக்கி நிற்கிறது. கையை ஆட்டினால் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். டயலில் 4 மணிக் குறிக்குப் பக்கத்தில் மிளகு அளவில் பழுப்புப் புள்ளி ஒன்று வந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் சென்னை போய் மூன்று இடத்தில் காட்டினேன். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் 1,28,000 ரூபாய் எஸ்டிமேட். அதில் டயல், முட்கள் மாற்றுவதும் பாலிஷ் போடுவதும் அடக்கம், இரண்டு வருட வாரண்டி. தனியாகத் தொழில் செய்யும் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் 38-லிருந்து 45 ஆயிரத்துக்குள் ஆகும், டயலைத் தொட வேண்டாம் என்றார். மூன்றாவது, பழைய வாட்ச் வாங்கி விற்கும் ஒருவர். இருக்கிற நிலையிலேயே 2,75,000 தருவதாகச் சொன்னார்.

தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். விற்று அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்துவிடலாம், வாட்சாவது நகையாவது என்கிறான். என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொள்வாளா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், "அந்த வாட்சில் பாதி என்னுடையது" என்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருக்கிறது. டயலை மாற்றிவிட்டால் அது அப்பா பார்த்த வாட்ச்தானா? மாற்றாமல் மெஷினை மட்டும் சரி செய்தால் நிற்குமா? ஒன்றும் செய்யாமல் நினைவாக டிராயரிலேயே வைத்துவிடலாமா? இல்லை, தம்பி சொல்வதுதான் சரியா?

பேலன்ஸ் வீல், மதுரை:

டீச்சர், வணக்கம். தாய்மாமாவிடம் தொழில் கற்று 38 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிரித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். டிராயரில் வைக்காதீர்கள். உங்கள் பட்டியலில் ரொம்பக் கெடுதலான வழி அதுதான். தண்ணீர் போன மெஷினில் துரு உட்கார்ந்திருக்கும். உப்புக் காற்று உள்ள ஊர் வேறு. நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்றைக்கு மாற்ற வேண்டியது ஒரு தண்டும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் என்றால், மூன்று வருடம் கழித்து பிளேட்டே அரித்துப் போயிருக்கலாம். விற்பதானாலும் சரி, வைப்பதானாலும் சரி, அதற்கு முன் யாராவது ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும்.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதை உங்கள் டயலே சொல்கிறது. சாவித் திருகு 3 மணிப் பக்கம் இருக்கிறது. புள்ளி 4 மணியில். தேதிச் சக்கரமும் டயலுக்கு அடியில் அந்தப் பக்கம்தான் எண்ணைக் காட்டுகிறது. திருகுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். வெள்ளத்தண்ணீர் அந்தத் தண்டு வழியாகத்தான் இறங்கியிருக்கும். தேதி சிக்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பல்புக்குக் கீழே காய வைத்தால் ஈரம் போகும், சேறும் உப்பும் போகாது.

உரசல் சத்தம் வேறு விஷயம். அது வெள்ளத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். கையை ஆட்டும்போது சுற்றுகிற ரோட்டர் ஒரு சின்ன அச்சில் நிற்கிறது. எண்ணெய் காய்ந்த பிறகும் வருடக்கணக்கில் ஓடினால் அந்த அச்சும் அதைத் தாங்குகிற கல்லும் தேயும். ரோட்டர் ஒரு பக்கம் சாய்ந்து மெஷின் மேல் உரசும். இந்த வகை மெஷினில் நான் அடிக்கடி பார்க்கிற தேய்மானம் இது. உரசியதால் வரும் பித்தளைத் தூள் மெஷின் முழுக்கப் பரவும். அதனால் இனிமேல் கையில் கட்டி ஆட்டிப் பார்க்காதீர்கள். சாவியும் கொடுக்காதீர்கள்.

நாளுக்கு ஆறு நிமிடம் பின்தங்குவதற்கு ஒரு டைமிங் மெஷினில் வைத்தால் காரணம் தெரியும். உள்ளே இங்கும் அங்கும் ஆடுகிற பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று அது காட்டும். எங்கள் பாஷையில் ஆம்ப்ளிட்யூட், உங்கள் புத்தகத்தில் வீச்சு. முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க வைத்தால் 270 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 200-க்குக் கீழே போயிருந்தால் எண்ணெய் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் முக்கியமானது, யாரிடம் கொடுப்பது. உங்கள் வாட்சில் இருப்பது 1575 என்ற மெஷின். மேலே 1570 என்று எழுதியிருப்பார்கள், பயந்துவிடாதீர்கள், அதுதான் வழக்கம். இதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் முள் கிடையாது. பேலன்ஸ் வீலின் உள்விளிம்பில் நாலு சின்னத் தங்க மரைகள் இருக்கும், மைக்ரோஸ்டெல்லா என்பார்கள். அவற்றைத் திருகித்தான் நேரத்தைச் சரி செய்ய வேண்டும். அதற்குத் தனிச் சாவி வேண்டும். அது இல்லாதவர்கள் பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கை வளைத்து நேரம் வைக்கப் பார்ப்பார்கள். அந்த ஸ்பிரிங்கின் வெளிச்சுற்று மேலே மடிந்து போகிற மாதிரி செய்தது. ஒரு தடவை கெட்டால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. ஆகவே நீங்கள் பார்த்த அந்தத் தனி ரிப்பேர்க்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "மைக்ரோஸ்டெல்லா சாவி உங்களிடம் இருக்கிறதா?" "ரோட்டர் அச்சு எங்கிருந்து வரவழைப்பீர்கள்?" முதல் கேள்விக்கு எடுத்துக் காட்டினால் கொடுங்கள். காட்டாமல் பேச்சை மாற்றினால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று அவராகவே சொன்னது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

சரி செய்த பிறகும் தண்ணீர் ஆகாது. பிரஷர் டெஸ்டில் பாஸானாலும் 55 வயதுக் கூடு அது. பாத்திரம் கழுவும்போது கழற்றி வையுங்கள்.

பழைய டயல், கோலாலம்பூர்:

அக்கா, பேலன்ஸ் வீல் அண்ணன் மெஷினைப் பார்த்துக்கொண்டார். நான் விலையைப் பற்றிச் சொல்கிறேன். 1960-கள், 70-களின் டேட்ஜஸ்ட்தான் எனக்குப் பிடித்தமானது, இதுவரை நாலு வாங்கி இரண்டு விற்றிருக்கிறேன்.

1601 நிறைய விற்ற மாடல். அதனால் ஏலத்தில் விலை பறக்கிற வாட்ச் இல்லை. ஆனால் எப்போது வைத்தாலும் வாங்க ஆள் இருக்கும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது டயல், இரண்டாவது கூட்டின் விளிம்பு. உங்கள் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் இந்த இரண்டும்தான் போகிறது.

டயலின் அடியில் 6 மணிக்குக் கீழே சின்னதாக 'டி ஸ்விஸ் டி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய பழைய டயல். மாற்றிப் போடுகிற புது டயலில் டிரிட்டியம் இருக்காது. வாட்ச் பளபளவென்று வரும், ஆனால் என்னைப் போன்றவர்கள் "சர்வீஸ் டயல்" என்று சொல்லி விலையைக் குறைப்போம். 1,28,000 செலவழித்து விலையையும் குறைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மிளகு அளவுப் புள்ளியோடு இருக்கிற ஒரிஜினல் டயல் எவ்வளவோ மேல். எக்காரணம் கொண்டும் டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப் பூசிய டயலோடு சந்தையில் நூற்றுக்கணக்கான வாட்சுகள் சுற்றுகின்றன. எழுத்தின் தடிமனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாலிஷும் அப்படித்தான். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் போகிறது. செயின் மாட்டுகிற கொம்புகள் மெலிந்து, விளிம்பு மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். போன உலோகத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

உங்களுக்குச் சொன்ன 2,75,000 ஏமாற்று விலை இல்லை. மெஷினைச் சரி செய்ய அவருக்கும் செலவு, விற்கும் வரை பணம் முடக்கம், அதன் மேல் லாபம். ஓடுகிற நிலையில், டயலும் கூடும் தொடப்படாமல் இருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடக் கேட்கலாம். இங்கே போன வருடம் ஒன்றை 18 ஆயிரம் மலேசிய ரிங்கிட்டுக்குக் கொடுத்தேன், அது பெட்டியும் பேப்பரும் இருந்தது. உங்களிடம் பேப்பர் இருக்கிறதா?

எங்கே கொடுத்தாலும் கொடுக்கும் முன் செயினைக் கழற்றச் சொல்லி, கொம்புகளுக்கு நடுவே 6 மணிப் பக்கம் இருக்கும் சீரியல் நம்பரையும், 12 மணிப் பக்கம் இருக்கும் 1601-ஐயும் போட்டோ எடுங்கள். பின்மூடியைத் திறந்து மெஷினையும் எடுங்கள். பின்மூடியின் உட்பக்கம் ரோமன் எண்ணும் வருடமும் பொறித்திருக்கலாம், எந்தக் காலாண்டில் செய்தது என்பதற்கு. மாற்றுகிற ஒவ்வொரு பாகத்தின் பழசையும் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

லாக்கர் சாவி:

சகோதரி, என் அனுபவம் ஒன்று. எங்கள் அப்பாவின் ஃபேவர் லூபா சீ சீஃப் வாட்சை அவர் போன பிறகு பட்டுத்துணியில் சுற்றி பேங்க் லாக்கரில் வைத்தேன். பத்திரமாக இருக்கிறது என்று 14 வருடம் நிம்மதியாக இருந்தேன். பேரன் பிறந்தபோது எடுத்தால் திருகு வரவில்லை. கடைக்காரர் திறந்து காட்டினார். தண்டு துருப்பிடித்து உள்ளேயே முறிந்திருந்தது, டயலில் பச்சை பூத்திருந்தது. அவர் போன சமயம் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச். மாதம் ஒருமுறை சாவி கொடுத்திருந்தால்கூட ஏதோ சரியில்லை என்று முன்பே தெரிந்திருக்கும். டிராயரில் வைக்காதீர்கள்.

மூன்றாம் தெரு:

அக்கா, எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது நான் மாற்றிச் சொல்வதற்கு மன்னிக்கவும். 2019-ல் நான் விற்றேன். அப்பாவின் ஒமேகா கான்ஸ்டெலேஷன், முதுகில் நட்சத்திரங்களும் வானாய்வுக் கூடமும் பொறித்தது. அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தில் ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதத்தில் அம்மா என் தங்கையின் கல்யாணத்தைப் பார்த்தார்கள்.

வாட்சை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. ஆனால் விற்றது தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எடுக்கிற முடிவு எதுவானாலும், விற்பது அப்பாவுக்குச் செய்கிற துரோகம் என்ற நினைப்பில் மட்டும் எடுக்காதீர்கள். பணம் நிஜமாகவே தேவையா என்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். தேவையென்றால் விற்றுவிடுங்கள். தேவையில்லை என்றால் தம்பி என்ன சொன்னாலும் விற்காதீர்கள்.

முத்துநகர் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம் தெரு தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "எனக்கு 81 ஆகுது. இந்த முட்டியோடயே இருந்துக்கறேன். எனக்காக அதை விக்காதே." தம்பியிடமும் போனில் அவர்களே பேசினார்கள். ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதைத் தானே பார்த்துக்கொள்வதாக அவன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அம்மா மேல் உள்ள அக்கறைதான்.

"பாதி என்னுடையது" என்றதன் கதை இது. 1984-ல் அப்பாவுக்குப் பதினாலு மாதம் கப்பல் கிடைக்கவில்லை. அக்காவின் காலேஜ் ஃபீஸுக்காக வாட்சை ஓர் அடகுக்கடையில் வைத்தார். வட்டி ஏறி முழுகப் போகிற நேரத்தில் அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை விற்று அதை மீட்டார்கள். அப்பாவிடம் சொல்லாமல், கடைக்குத் தனியாகப் போய். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வெறுங்கையா உக்காந்திருந்தார், பாக்கச் சகிக்கலை" என்றார்கள்.

பழைய டயல் தம்பி, 'டி ஸ்விஸ் டி' இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். 55 வருடத்தில் நாலரைத் தடவை பாதியாகியிருக்கிறது. ஆரம்பத்தில் இருந்ததில் இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரண்ட் போன ராத்திரிகளில் அப்பா கையில் பச்சையாகப் புள்ளிகள் தெரிந்தது நினைவிருக்கிறது. 1996-ல் என் கைக்கு வந்தபோது இருட்டில் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடமாக அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை! பேப்பர், பெட்டி இரண்டும் இல்லை. டயலை மாற்றுவதில்லை, அது முடிவு. அடுத்த மாதம் சென்னை போகிறேன்.

முத்துநகர் டீச்சர்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். வாட்ச் கையில் இருக்கிறது.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் அந்தத் தனி ரிப்பேர்க்காரரிடமே கொடுத்தேன். முதல் கேள்வியைக் கேட்டதும் டிராயரைத் திறந்து மைக்ரோஸ்டெல்லா சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "யார் டீச்சர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். மதுரையில் ஒருவர் என்றேன். சிரித்தார். பின்மூடியை என் முன்னால்தான் திறந்தார், போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மதுரை அண்ணன் சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. தண்டு துரு, திருகின் ரப்பர் வளையம் வெடிப்பு, தேதியைத் தள்ளுகிற ஸ்பிரிங்கில் துரு. ரோட்டர் உரசி மெஷின் மேல் அரை வட்டமாக ஒரு கோடு விழுந்திருந்தது. டைமிங் மெஷினில் வீச்சு 186 டிகிரி காட்டியது. ரோட்டர் அச்சு, மெயின்ஸ்பிரிங், தண்டு, திருகும் அதன் குழாயும், தேதி ஸ்பிரிங், ரப்பர் வளையங்கள், பிளாஸ்டிக் கண்ணாடி, இவ்வளவும் புதிது. மொத்தம் 43,500. டயலைக் கழற்றும்போது மட்டும் அந்தப் புள்ளியை லேசாகத் துடைத்துப் பார்க்கவா என்று போனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வீச்சு 284. ஒரு நாளைக்கு 5 நொடி முந்துகிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் குறித்து வைக்கிறேன்.

இந்த மெஷினில் திருகை இழுத்தால் நொடி முள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். 1970-களின் தொடக்கத்தில்தான் நிற்கிற மாதிரி மாற்றினார்களாம். இத்தனை வருடம் என் வாட்சில் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன்.

பின்மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். ரோமன் எண்ணில் நாலு, பக்கத்தில் 69. ஆக 1969-ன் கடைசியில் செய்தது. அதைச் சுற்றி ஊசியால் கீறிய எழுத்துகள். சர்வீஸ் செய்கிறவர்கள் தேதியைக் கீறி வைப்பது வழக்கமாம். 79, 88, 97, 2008. கடைசி இரண்டுக்கும் நான்தான் கூட்டிப்போனேன். முதல் இரண்டும் அப்பா. இவற்றோடு சேராமல் ஓரத்தில் தனியாக நாலு இலக்க எண் ஒன்று இருந்தது. இது சர்வீஸ் தேதி மாதிரி இல்லை, அடகுக்கடையில் ரசீது நம்பரைக் கீறியிருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களாம். 1984 கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். அழுவார்கள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "நம்ம வாட்சு மேல நம்மளக் கேக்காம எப்படிக் கீறலாம்?" நாற்பத்தோரு வருடம் கழித்து அந்தக் கடைக்காரர் மேல் அன்றைக்கு ராத்திரி வரை கோபம் இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

2,75,000 சொன்னவருக்குப் போன் செய்து விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். மகள் தசரா விடுமுறைக்கு வந்தபோது ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்தாள், கனமாக இருக்கிறது என்றாள். அவளுக்கு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. ரிட்டையர் ஆகும்போது கேட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கிறேன், பழைய டயல் தம்பி, உங்களைத்தான் முதலில் கேட்பேன்.

பழைய பாகங்களையெல்லாம் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் அந்த ரோட்டர் அச்சும் இருக்கிறது. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருப்பது பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரிகிறது. பிளஸ் ஒன்னுக்கு உராய்வு பாடம் வரும்போது வைக்கலாம் என்று ஸ்லைடில் ஒட்டி வைத்திருக்கிறேன்.